ரங்கூன் பிரிந்தபோது கூலிக்காரருக்கு என்ன ஆனது?

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அதையொட்டித் தொழிலாளர் உரிமை பற்றி எழுந்த பேச்சை நம்மில் பலர் சீமை விவகாரமாகவே கேட்டுவிட்டுப் போனோம். வடசென்னைக்காரர்கள் அப்படிக் கேட்டுவிட்டுப் போக முடியாது. எண்ணூர்ப் பக்கம் பர்மா நகர் இருக்கிறது. வியாசர்பாடியில் பர்மாக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜார். பொழுது சாய்ந்தால் அங்கே அத்தோ எனும் பர்மிய நூடுல்ஸ் கடைகளில் வாழைத்தண்டு சூப் கொதிக்கும். ஒரு நாடு, தான் சேர்ந்திருந்த அரசியல், வணிக அமைப்பிலிருந்து பிரிந்துபோனதன் கடைசி விளைவைத் தலையில் சுமந்தவர்கள் வந்து இறங்கிய இடம் இது.

பர்மா 1886 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. ஒரே நாணயம், ஒரே சுங்கம், ஒரே தொழிலாளர் சட்டம். சென்னையில் கப்பலேறி ரங்கூனில் இறங்குபவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி பர்மாவின் சுமார் 1.46 கோடி பேரில் 10 லட்சத்துக்கும் சற்று அதிகமானோர் இந்தியர். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. அந்தப் பிரிவைப் பற்றியும், பொதுவாக நாடுகள் இப்படிப் பிரிவதைப் பற்றியும் நம்மிடையே புழங்கும் நம்பிக்கைகளில் பல தவறானவை. அவற்றைச் சொல்லித் திருத்தவேண்டிய காரணம் இன்றைக்கும் இருக்கிறது.

“பிரிந்த மறுநாளே தொழிலாளர் சட்டமெல்லாம் செத்துப்போகும்”

சாகாது. பர்மாவில் சாகவில்லை; பிரிட்டனிலும் சாகவில்லை.

இந்தக் கதை பெரம்பூரில் தொடங்குகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் சங்கத்தின் மீது வழக்குப் போட்டது. வேலைநிறுத்தத்துக்குத் தூண்டியதால் நட்டம் என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றம்போல் ஆகிவிட்ட அந்த நிலை பம்பாய், கல்கத்தா சங்கங்களையும் உலுக்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி வாதாடினார். அதன் முடிவுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். பர்மா அப்போது இந்திய மாகாணம் என்பதால் அந்தச் சட்டம் ரங்கூனுக்கும் போனது. வேலையில் அடிபட்டால் நட்டஈடு தரும் 1923ஆம் ஆண்டுச் சட்டமும், சம்பளத்தைப் பிடித்துவைக்காமல் தரச் சொல்லும் 1936ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான்.

1937இல் பிரிவு வந்தது. மூன்று சட்டங்களும் அங்கேயே நின்றன. பர்மா 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்றது; அப்போதும் நின்றன. தொழிற்சங்கச் சட்டத்தின் இடத்தில் மியான்மர் வேறு சட்டம் கொண்டுவந்தது 2011இல்தான். சம்பளச் சட்டத்தை மாற்றியது 2016இல். நம் நாட்டில் இந்த மூன்றும், 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது அவற்றுக்குள் கரைந்துவிட்டன.

பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கதை. வெளியேறும்போது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்த விதிகளை 2018 சட்டத்தின் மூலம் உள்நாட்டுச் சட்டமாகவே வைத்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலியோ, 52 வார மகப்பேறு விடுப்போ ஒன்றியம் கொடுத்தவையே அல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தானே இயற்றியவை. வெளியேற்றத்தால் அவற்றுக்கு ஆபத்து என்று சொன்னவர்களும் தவறு. ஒன்றியத்தை விட்டதால்தான் அவை கிடைத்தன என்று பெருமை பேசியவர்களும் தவறு.

ஆனால் சட்டம் உயிரோடு இருப்பது வேறு, அது தொழிலாளிக்கு உதவுவது வேறு. 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் நிறுவனம் 786 கப்பல் ஊழியர்களை முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் வேலையை விட்டு நீக்கியது. செய்தி வந்தது ஒரு காணொளிப் பதிவில். சங்கத்தோடு கலந்து பேசவேண்டும் என்ற சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. அது தெரிந்தேதான் மீறினோம் என்று நிறுவனத்தின் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அந்தக் கப்பல்கள் வேறு நாட்டுக் கொடியில் பதிவானவை. மாற்றாக வந்த ஏஜென்சி ஆட்களுக்குச் சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு, நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. பர்மாவிலும் 1926 சட்டம் புத்தகத்தில் இருந்துகொண்டே இருந்தது. 1964இல் ராணுவ அரசு சுதந்திரமான சங்கங்களையே ஒழித்துக்கட்டியது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சங்கம் இல்லையென்றால், அது அச்சடித்த தாள்.

“1964 வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு ராணுவத் தளபதி வந்து திடீரென்று விரட்டிவிட்டார்”

திரும்பி வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் சொல்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கப்பலேறிய நாள்தான் மனத்தில் நிற்கும். ஆனால் உரிமைகள் பறிபோக 27 ஆண்டுகள் எடுத்தன. ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் இருந்தது.

பிரிந்த அன்று கிட்டத்தட்ட எதுவும் மாறவில்லை. ரிசர்வ் வங்கிதான் பர்மாவுக்கும் மத்திய வங்கியாகத் தொடர்ந்தது. இரு நாட்டுக்கும் இடையே ஆள் போக்குவரத்தும் வணிகமும் மூன்று ஆண்டுக்கு உள்ளபடியே தொடரலாம் என்று 1937 ஆணைகளிலேயே எழுதியிருந்தார்கள். இன்றைய பேச்சில் சொன்னால் இடைமாற்றக் காலம். பிரிட்டனும் 2020 டிசம்பர் 31 வரை அப்படி ஒன்றை வைத்துக்கொண்டது. இடைமாற்றக் காலத்தின் ஆபத்தே, ஒன்றும் மாறவில்லை என்று உழைக்கிறவர் நம்பிவிடுவதுதான். சென்னை மாகாணத்திலிருந்து ஆட்கள் வழக்கம்போல் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள்.

1938இல் ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம். பிறகு குடியேற்றத்தை விசாரிக்க பேக்ஸ்டர் தலைமையில் விசாரணை. 1941இல் இந்திய-பர்மா குடியேற்ற ஒப்பந்தம். சொந்த வீட்டு முற்றம்போல் போய்வந்த ஊருக்கு இனி பெர்மிட் வேண்டும். உடலுழைப்பு ஆட்கள் வருவதற்குக் கட்டுப்பாடு. தங்குவதற்குக் கால வரம்பு. இதைக் காந்தி உட்படப் பலர் கண்டித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். ஒப்பந்தம் முழுதாக நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனால் வெளியாள் என்ற கணக்குத் தொடங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவரும் விண்ணப்பிக்கவேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டவர் என்று பதிவு செய்துகொள்ளவேண்டும். நெல் வயலிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்தவரிடம் எந்த ஆண்டு வந்தார் என்பதற்கு என்ன ஆவணம் இருந்திருக்கும்? கப்பலின் திறந்த தளத்தில் உட்கார்ந்து வந்தவர். மேஸ்திரியின் கணக்குநோட்டில்தான் அவர் பெயர் இருந்தது. விண்ணப்பம் போட்டவர்களிலும் பலருக்குப் பதில் வரவில்லை.

1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது, அவர் புதிதாகப் பறிக்க அதிகம் மிச்சமில்லை. 1963இல் வங்கிகள், 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை. மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. வீட்டில் சேர்த்துவைத்த பணம் ஒரே இரவில் வெறும் காகிதம். அதன்பிறகு வரிசையாக, ஊர் திரும்பும் கப்பல்கள்.

“போனவர்கள் எல்லாம் வட்டிக்குக் கொடுத்துவாங்கியவர்கள்”

நகரத்தார் செல்வாக்கு பெரிது என்பது உண்மை. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பின் கடனுக்கு ஈடாக வந்த நிலங்களால், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்கள் கையில் சேர்ந்தது. ஆனால் 10 லட்சம் பேரில் அவர்கள் சில ஆயிரம் பேரே. மற்றவர்கள் மூட்டை சுமந்தவர்கள், நடவு நட்டவர்கள், ஆலையில் நின்றவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், தெரு கூட்டியவர்கள். நிலக் கணக்கின் கோபத்தைச் சேர்த்துச் சுமந்தவர்களும் இவர்களே. இன்றும் பர்மாத் தமிழர் என்றவுடன் பர்மாத் தேக்குத் தூண் வைத்த செட்டிநாட்டு வீடுதான் நினைவுக்கு வருகிறதென்றால், பாதிக் கதையை விட்டுவிட்டோம்.

“வெளியாள் போனால் உள்ளூராளுக்கு வேலை வரும், கூலி ஏறும்”

இது பிரிட்டனிலும் சொல்லப்பட்டது, பர்மாவிலும் சொல்லப்பட்டது. எண்ணூர் டீக்கடைகளிலும் இந்தப் பேச்சு இருக்கிறது.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததை இதற்கு வைத்துப் பார்க்கவேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பெரும்பாலும் ஆந்திரக் கரையோரத்துத் தெலுங்கர் கையில் இருந்தது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்குக் கம்பெனிகள் பர்மியக் கூலிகளைக் கூப்பிட்டு வேலையை ஓட்டின. அந்தப் பர்மியர்கள் நல்ல வேலை ஒன்று கிடைத்ததென்று நம்பி வந்தவர்கள். கம்பெனிகளோ அவர்களைக் கருங்காலிகளாகத்தான் பயன்படுத்தின. பேச்சுவார்த்தை முடிந்து பழைய ஆட்கள் திரும்பினார்கள். மே 26 காலையில் வழக்கம்போல் வேலைக்கு வந்த பர்மியர்களிடம், இனி நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவமானத்தோடு திரும்பியவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததாகவும் சொல்வார்கள். துறைமுக வாசலில் தொடங்கிய அந்த அடிதடி நகரம் முழுவதும் பரவியது. கொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல், பெரும்பாலோர் இந்தியர். கூலியை முடிவு செய்த கம்பெனி முதலாளிகளில் ஒருவர் மேலும் கீறல் விழவில்லை.

அதன்பின் வந்த அரசியலமைப்பு இந்தப் பிளவை ஆற்றவில்லை, நிரந்தரமாக்கியது. 1937இல் நடைமுறைக்கு வந்த பர்மா சட்டசபையின் 132 இடங்களில் தொழிலாளருக்கு நான்கு இடங்கள் ஒதுக்கினார்கள். அதில் இந்தியத் தொழிலாளருக்கு இரண்டு, இந்தியரல்லாத தொழிலாளருக்கு இரண்டு. ஒரே கப்பலில் மூட்டை தூக்குகிறவர்கள் ஓட்டுப் போடும்போது இரண்டு இனம். என்னைக் கேட்டால், அந்தப் பிரிவின் மிகக் கெட்ட வரி இதுதான்.

பிரிட்டனுக்கு வருவோம். ஐரோப்பியத் தொழிலாளரின் தடையற்ற வரவு நின்றது. உள்ளூர்க்காரர் அந்த இடங்களை நிரப்பினார்களா? 2023இன் நடுவில் நிகரக் குடிவரவு ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2022 பிப்ரவரியில் விசா திறந்தார்கள். இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். முன்பு வந்த போலந்துக்காரருக்கு முதலாளி பிடிக்கவில்லையென்றால் மறுநாளே வேறு வேலைக்குப் போகலாம். இவர்களுக்கு விசாவே முதலாளியின் ஸ்பான்சரில் தொங்குகிறது. அவர் விலக்கினால் 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேடவேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுப் போகவேண்டும். ஏஜென்ட்டுகளிடம் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போன பலர் வாய் திறக்க முடியாமல் வேலை செய்தார்கள். 2025 ஜூலையில் அந்த வழியையும் வெளிநாட்டு ஆட்களுக்கு மூடிவிட்டார்கள். வெளியாள் வருவது நிற்கவில்லை. அவர் வேலை மாறும் உரிமைதான் போனது. வேலை மாற முடியாதவர் எந்தக் கூலிக்கும் நிற்பார், அது பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரின் கூலியையும் இழுத்துக் கீழே போடும்.

சிங்கப்பூர் இன்னொரு விதம். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே குடியுரிமை இல்லாத தொழிலாளருக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றியது. 1968இல் முதலீட்டை ஈர்க்க வேலைவாய்ப்புச் சட்டத்தையே மாற்றி எழுதியது. பிரிவினால் நேராக உரிமை போகவில்லை என்றாலும், பிரிந்த பயத்தைக் காட்டி எழுதப்படும் அடுத்த சட்டத்தில் போகலாம்.

வெளியாள் பற்றிய இந்தப் பேச்சு எண்ணூருக்கும் பொருந்தும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இந்தியாவில் எங்கும் போய் வேலை செய்ய, எங்கும் குடியிருக்க அவர்களுக்கு அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. ரங்கூனில் நம் பாட்டன்மாருக்கு 1937க்கு முன்பு இருந்து, பிறகு இல்லாமற்போன உரிமை அதுதான். அவர்களை வெளியாள் என்று பேசுகிறவர், ரங்கூன் வாசலில் நின்று சிரித்தவரின் பக்கத்தில் போய் நிற்கிறார்.

“ஊர் திரும்பினால் சேமிப்பும் கூடவே வந்துவிடும்”

இந்த ஒரு நம்பிக்கையைப் பொய்யாக்க 1964ஆம் ஆண்டு போதும். அந்த ஆண்டில் இரண்டு நாடுகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் திரும்புவது முடிவானது. இரண்டும் இரண்டு விதம்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. வேலை செய்த ஆண்டுகளுக்குப் பணிக்கொடை இல்லை, கடைக்கு நட்டஈடு இல்லை, செல்லாத நோட்டுக்கு முழு மாற்று இல்லை. கப்பலேறும் முன் பெண்களின் நகையைக்கூடச் சோதனையில் கழற்ற வைத்தார்கள் என்று அந்தக் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். 1963 முதல் தமிழகத்துக்கு இப்படி வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம். அரசு முகாமில் வைத்துச் சோறு போட்டது, சிறு வியாபாரக் கடன் கொடுத்தது. கடற்கரைச் சாலையோரத்தில் ஆளுக்குச் சில அடி அகலத்தில் கடை போட்டார்கள்; அதுதான் பர்மா பஜார். 1969இல் தாயகம் திரும்பியோருக்கென்று ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இதெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அத்தனையும் இந்திய வரிப்பணம். அவர்கள் பர்மாவில் உழைத்துச் சேர்த்ததில் ஒரு காசும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, அவர்களில் ஒருவரையும் கேட்காமல் பங்கிட்ட ஒப்பந்தம். அது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் அதில் இரண்டு வரிகள் இருந்தன. திரும்புகிறவர் வைப்புநிதி, பணிக்கொடை உட்படத் தன் சொத்தை எடுத்துச்செல்லலாம். அந்நியச் செலாவணியைக் காரணம் காட்டி, எடுத்துச்செல்லும் தொகையின் உச்சவரம்பை ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது. வேலையில் இருப்பவர் திரும்பும் நாள் வரை அல்லது 55 வயது வரை, எது முந்தியோ அதுவரை வேலையில் தொடரலாம். நடைமுறையில் இழுபறியும் தாமதமும் இருந்தன. ஆனால் கேட்பதற்கு ஒரு வரி இருந்தது. பர்மாவிலிருந்து வந்தவருக்கு எதைக் காட்டிக் கேட்பதென்றே இல்லை.

பிரிட்டனிலும் வித்தியாசத்தை உண்டாக்கியது இந்த வகை வரிதான். வெளியேற்ற ஒப்பந்தத்தின் ஒரு பகுதி முழுக்க, ஏற்கெனவே அங்கே இருந்த ஐரோப்பியரின் தங்கும் உரிமை, வேலை உரிமை, ஓய்வூதியச் சேர்க்கை பற்றியது. 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்றார்கள். 60 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. தேதியைத் தவறவிட்டவர்கள் பட்ட பாடு தனி. ஆனால் எழுத்தில் உரிமை இருந்தவருக்கு அது நின்றது.

“நாம் எந்தக் கூட்டமைப்பிலும் இல்லை, நமக்கென்ன?”

ஆர்செப் எனப்படும் ஆசிய-பசிபிக் வணிகக் கூட்டமைப்பில் சேரப்போவதில்லை என்று இந்தியா 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் அறிவித்தது. சேர்ந்திருந்தாலும் தொழிலாளருக்கென்று அதில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தில் இருக்கிறது. இவற்றைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகும் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் இவற்றைவிட அவசரமான ஒன்று உண்டு.

ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென்கொரியா, கனடா, ஆஸ்திரேலியா என்று ஏறக்குறைய இருபது இடங்களோடு இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர் கட்டிய சந்தா வீணாகாமல் இருக்க அது உதவும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள் பயன் பெறுகிறார்கள். சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறில் ஒன்றோடும் அப்படி ஒப்பந்தம் இல்லை. 2020இல் கொரோனா வந்து கம்பெனிகள் மூடியபோது, பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் வாங்காமலே விமானமேறி வந்தவர்கள் ஏராளம். 1964இல், இரு அரசுகளும் ஆட்களைப் பங்கிட்ட ஒரு கொடிய ஒப்பந்தத்தில்கூட வைப்புநிதியும் பணிக்கொடையும் 4,000 ரூபாய் என்ற எண்ணும் எழுத முடிந்தது. அந்த வரியை வளைகுடாவோடு எழுதும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி நம் சங்கங்களும் நம் எம்.பி.க்களும் டெல்லியிடம் கேட்கவேண்டும். கேட்கவேண்டிய நேரம், எல்லாரும் அங்கே வேலையில் இருக்கும் இப்போது.